நீக்கிய பதினொரு வரிகள்

கிறிஸ்தியான்சுன்ட்
ஜனவரி 9, 2025

சுன்னிவா,

பேனா பிடித்து எழுதி எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்கே நினைவில்லை. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். இரண்டரை வருடம் பேசாமல் இருந்தவன் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். உனக்கு அதெல்லாம் பிடிக்காது என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

டிசம்பர் 12ஆம் தேதி ஸ்மோலா தீவுக்கு வெளியே ஒரு சால்மன் பண்ணையில் விபத்து. தீவன மிதவையில் வேலை பார்க்கும் ஜோருன் வோகன் என்ற பெண், முப்பத்தாறு வயது, வலை தூக்கும் விஞ்ச் இயந்திரத்தில் இடது கையைக் கொடுத்துவிட்டார். மூன்று விரல்கள் போய்விட்டன. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மிஞ்சியிருக்கின்றன. விஞ்சின் கட்டுப்பாட்டு அட்டை நம் கம்பெனியுடையது. அதோடு பேசும் டிரைவர் என்ற மென்பொருள் நீ எழுதியது.

வடம் உருளையின் ஓரத்தில் சிக்கி விஞ்ச் நின்றுவிட்டதாம். பிற்பகல் இரண்டு மணி. உருளை சுற்றவில்லை என்றால் விஞ்ச் சும்மா இருக்கிறது என்று நம் கணினி எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்துக்கொண்டு அப்டேட்டை ஆரம்பித்துவிட்டது. பழைய டிரைவரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போடுகிற வழக்கமான வேலை. திரை இருட்டானது. எல்லாம் நின்றுவிட்டது என்று நினைத்து ஜோருன் கத்தியால் வடத்தை அறுத்திருக்கிறார். உருளை சுழன்றுவிட்டது.

விஞ்சை இயக்கும் எண்ணெய்ப் பம்பை நிறுத்தும் சிவப்புக் குமிழ் நாலு அடி தள்ளி இருந்தது. அதை அவர் அழுத்தவில்லை. அழுத்திய பிறகே கை வைக்க வேண்டும் என்று கையேட்டில் தெளிவாக இருக்கிறது. தன் தவறுதான் என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

தொழிலிடப் பாதுகாப்புத் துறையின் விசாரணை நடக்கிறது. டிரைவரை முதலில் எழுதியவர் என்ற முறையில் நீ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று எங்கள் வக்கீல் சொல்கிறார். இணைத்திருக்கிறேன். "டிரைவர் வடிவமைத்தபடியே செயல்பட்டது" என்ற ஒரே வாக்கியம். உன்னைத் தொந்தரவு செய்ய எனக்கும் விருப்பமில்லை.

உன் பழைய காபிக் கோப்பை இன்னும் மூன்றாவது மாடியில்தான் இருக்கிறது. யாரும் தொடுவதில்லை.

எய்வின்ட்


ப்ரோன்னோய்சுன்ட்
ஜனவரி 16

எய்வின்ட்,

கோப்பையைத் தூக்கிப் போட்டுவிடு.

நீ தாளில் எழுதியதும் எனக்குப் பழைய நட்புதான் நினைவுக்கு வந்தது என்று நினைக்க வேண்டாம். விசாரணை நடக்கும்போது கம்பெனியின் மின்னஞ்சலை அதிகாரிகள் தேடிப் பார்க்கலாம், தொலைபேசிப் பதிவையும் கேட்கலாம். தபால் பெட்டியை யாரும் தேட மாட்டார்கள். அதற்காகத்தான் பேனா. இந்தக் கடிதத்துக்கு நான் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். உன்னுடையதும் பத்திரமாக இருக்கிறது.

நான் இப்போது இந்த ஊர் நகராட்சியின் குடிநீர்ப் பம்புகளைக் கவனித்துக்கொள்கிறேன். தண்ணீர் வரவில்லை என்றால் ஜனங்கள் என்னைத் திட்டுவார்கள். வந்தால் என் பெயர் யாருக்கும் தெரியாது. நிம்மதியான வேலை. அதிலிருந்து என்னை இழுக்கிறாய், சரி, கேட்டுக்கொள்.

நீ சொல்வது நடக்க முடியாத விஷயம். வடம் அறுந்ததும் உருளை சுழன்றது என்றால் விஞ்சுக்கு எண்ணெய் விடும் வால்வு திறந்தே இருந்திருக்கிறது. அதாவது விஞ்ச் நிற்கவில்லை. சிக்கலோடு முட்டிக்கொண்டு இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. டிரைவர் கழன்ற பிறகும் வால்வு எப்படித் திறந்திருக்கும்?

நான் எழுதியதை உனக்கே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. டிரைவரைக் கழற்றும்போது முதலில் வால்வை மூடச் சொல்ல வேண்டும். மூடிவிட்டேன் என்று அட்டை பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். பதில் வந்த பிறகு இணைப்பை விட வேண்டும், கடைசியில் நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏற்றும்போது செய்ததற்கு நேர் எதிர் வரிசை. அந்த அட்டை சொன்னதைச் செய்கிற ஜடம். கடைசியாகத் திற என்று சொல்லியிருந்தால், சொன்னவன் போய்ச் சேர்ந்த பிறகும் திறந்தேதான் வைத்திருக்கும்.

இது உனக்குத் தெரியும். 2014இல் படகுத்துறையில் முதல் விஞ்சைச் சோதித்தபோது டிரைவரின் நிரலில் பதிலுக்குக் காத்திருக்கும் வரிகள் கிடையாது. உருளை ஓடிக்கொண்டிருக்கும்போதே நான் டிரைவரைக் கழற்றினேன். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. "இது யார் பேச்சையும் கேக்காது போலிருக்கே" என்று நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே ஓடிப்போய்ச் சிவப்புக் குமிழை அடித்தவன் நீதான். அன்று மாலையே அந்தப் பதினொரு வரிகளை எழுதினேன்.

ஒரு கேள்வி. அந்த வரிகள் இப்போது டிரைவரில் இருக்கின்றனவா? அந்தப் பதில் வரும்வரை உன் தாள் என் சமையலறை மேசையில் கிடக்கும். கையெழுத்தில்லாமல்.

சுன்னிவா


கிறிஸ்தியான்சுன்ட்
ஜனவரி 22

சுன்னிவா,

இல்லை.

எடுத்துவிட்டோம். ஏன் என்று நீ கேட்கும் முன்பே சொல்கிறேன். குளிரில் எண்ணெய் கெட்டியாகிவிடும், வால்வு மூடிப் பதில் சொல்ல நாற்பது விநாடி ஆகும். கம்பி கோளாறானால் பதிலே வராது, அப்டேட் அப்படியே தொங்கும். கடைசி மாதங்களில் நீ மூன்றாவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தொலைபேசியை எடுத்தவன் நான். "உங்க கம்ப்யூட்டர் செத்துப்போச்சா, நாங்க மீனுக்கு என்னத்தப் போடுறது?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொன்னவன் நான். அறுபத்துமூன்று மிதவைகள். எல்லாவற்றிலும் மீன் பசியோடு இருக்கும், ஆள் கோபத்தோடு இருப்பான்.

மூடு என்ற கட்டளையை நாங்கள் எடுக்கவில்லை. அது இருக்கிறது. பதிலுக்குக் காத்திருப்பதை மட்டும் எடுத்தோம். சில சமயம் கட்டளை வரிசையில் நிற்கும்போதே இணைப்பு மூடிவிடுகிறது போல. அது அட்டைக்குப் போய்ச் சேர்வதில்லை. எனக்கு அன்று அது தோன்றவில்லை. நிற்கிற உருளையில் நூறு தடவை சோதித்தோம், நூறு தடவையும் சரியாக இருந்தது.

நீ இவ்வளவு உயரத்தில் நின்று பேசுவதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த மாற்றத்தின் கீழே இரண்டு பெயர்கள் இருக்கின்றன. எழுதியவர்: எய்வின்ட் தாங்கன். படித்துச் சரி என்றவர்: சுன்னிவா ஹெல்லெசொய். டிரைவரில் செய்த மாற்றங்களின் வரலாறு பொதுவெளியில்தான் இருக்கிறது. உன் வீட்டுக் கணினியிலேயே பார்க்கலாம். அதிகாரிகளும் பார்ப்பார்கள்.

ஆகவே நீ கையெழுத்துப் போட மறுப்பது எனக்கு எதிராக மட்டும் இல்லை. உன் கழுத்திலும் நீயே கத்தி வைக்கிறாய். நான் மிரட்டவில்லை. பதினொரு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்தவள் என்பதால் சொல்கிறேன்.

அந்தக் குழுத் தலைவர் பதவி விஷயத்தில் உனக்கு என் மேல் இருக்கும் கோபத்தை இதில் கொண்டுவராதே. அது உனக்குத்தான் வரும் என்று நானும் நினைத்தேன். முதலாளி கௌத்தே என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எய்வின்ட்


ப்ரோன்னோய்சுன்ட்
பிப்ரவரி 2

எய்வின்ட்,

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. முதல் நாள் நீ பொய் சொல்கிறாய் என்று நினைத்தேன். என் பெயரை நீயே போட்டுக்கொண்டிருப்பாய் என்று உன்னைத் திட்டி மூன்று பக்கம் எழுதினேன். அனுப்பும் முன் வரலாற்றைத் திறந்து பார்த்தேன். மூன்று பக்கத்தையும் அடுப்பில் போட்டேன்.

என் பெயர்தான். நான்தான் போட்டேன். ஜூன் 30, 2022. கம்பெனியில் என் கடைசி நாள்.

அன்று காலை என் பார்வைக்குப் பதினாலு மாற்றங்கள் நிலுவையில் இருந்தன. உனக்குக் கீழே வேலை செய்யும் கடைசி நாள். கீழ்த்தளத்தில் கேக் வெட்டக் காத்திருந்தீர்கள். நான் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒன்றையும் படிக்காமல், சரி, சரி, சரி என்று அழுத்தினேன். பதினாலுக்கும் சேர்த்து நாலு நிமிடம் ஆகியிருக்கும். உங்கள் குப்பையை நீங்களே அள்ளிக்கொள்ளுங்கள் என்று நினைத்தது நினைவிருக்கிறது. நன்றாக இருந்தது, அப்படி அழுத்துவது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெண்ணின் விரல்களில் என் பங்கு இருக்கிறது. இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தபோதும் அந்த வாக்கியம் அப்படியேதான் இருந்தது.

ஆனால் தேதிகளையும் பார்த்தேன், எய்வின்ட். இதே பதினொரு வரிகளை நீக்கும் மாற்றத்தை நீ மார்ச்சில் ஒரு தடவை அனுப்பினாய். முடியாது என்று காரணத்தோடு திருப்பினேன். மே மாதம் மறுபடி அனுப்பினாய். மறுபடி திருப்பினேன், படகுத்துறையில் நடந்ததையும் குறிப்பிட்டேன். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஜூன் 30 காலை எட்டு பத்துக்கு வேறு தலைப்போடு மூன்றாம் தடவை வருகிறது. "அப்டேட் வேகம்: சிறு சீரமைப்பு." பதினாலில் கடைசியாக.

நான் அன்று படிக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும். பதினொரு வருடம் ஒரே மேசை என்று நீயே சொல்கிறாயே. வேறு யார் கையெழுத்தும் இந்த டிரைவருக்குச் செல்லாது, நான் போன பிறகு புது ஆள் வந்து கேள்வி கேட்பான். அதனால் அந்த நாளுக்காகக் காத்திருந்தாய். இல்லையென்றால் இல்லை என்று எழுது.

அதைவிட அவசரமானது ஒன்று. கம்பெனியின் இணையப் பக்கத்தில் அடுத்த அப்டேட் தேதி போட்டிருக்கிறது: பிப்ரவரி 17, திங்கள், பிற்பகல் இரண்டு மணி. அறுபத்துமூன்று மிதவைகளிலும் பழைய டிரைவர் கழலும். எங்கேயாவது ஒரு வடம் சிக்கியிருக்கும். அதை நிறுத்து. என்னைத் திட்ட வேண்டுமென்றால் நிறுத்திவிட்டுத் திட்டு.

சுன்னிவா


கிறிஸ்தியான்சுன்ட்
பிப்ரவரி 9

சுன்னிவா,

ஆமாம். காத்திருந்தேன்.

இரண்டு தடவை நீ திருப்பிய பிறகு கௌத்தே என்னைக் கூப்பிட்டார். அவர் பேசுவது உனக்குத் தெரியும், குரலே உயராது. "ஒரு பொம்பள வேணாம்னு சொன்னதுக்காக அறுபது மிதவையும் என் தலைமேல கத்துது. தலைவர் நீயா அவளா?" என்றார். நான் உன்னிடம் வந்து பேசியிருக்கலாம். நீ அப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. உணவறையில் நான் நுழைந்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போவாய். ஜூன் கடைசியில் நீ போகிறாய் என்று தெரிந்ததும் எனக்கு அந்த யோசனை வந்தது. தலைப்பை மாற்றியதும் நான்தான். நீ அழுத்திவிட்டாய் என்று திரையில் வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கீழே இறங்கி வந்து உனக்குக் கேக் வெட்டிக் கொடுத்தேன்.

இதை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

17ஆம் தேதியைப் பற்றி. வெள்ளிக்கிழமை கௌத்தேயிடம் போனேன். வக்கீலும் இருந்தார்.

"நிறுத்துனா என்ன அர்த்தம்?" என்று கேட்டார் கௌத்தே.

"யாருக்கும் அடிபடாதுன்னு அர்த்தம்" என்றேன்.

"இல்ல எய்வின்ட். டிரைவர்ல தப்பு இருக்குன்னு நாமளே ஒத்துக்கிட்டோம்னு அர்த்தம். விசாரணை முடியட்டும். ரெண்டு மாசம்."

"அந்த ரெண்டு மாசத்துல இன்னொருத்தர் கைய விட்டா?"

"பம்ப நிறுத்திட்டுக் கை வைக்கச் சொல்லி எல்லாருக்கும் ஒரு நினைவூட்டு அனுப்பு. பணிவா அனுப்பு" என்றார் வக்கீல்.

அனுப்பினேன். மிகப் பணிவாக. பம்பை நிறுத்தினால் பாரம் தூக்கும் கிரேனும் நின்றுவிடும் என்பதால் எந்த மிதவையிலும் யாரும் நிறுத்துவதில்லை என்பது எனக்குத் தெரியும், கௌத்தேக்கும் தெரியும்.

அப்டேட்டை நிறுத்தும் அதிகாரம் என் கையில் இருக்கிறது. ஒரு பொத்தான். அதை அழுத்தினால் திங்கட்கிழமை மாலைக்குள் நான் வெளியே. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த ஊரில் இந்த வேலைக்கு வேறு கதவு இல்லை. உன்னைப் போல வடக்கே போய்க் குடிநீர்க் குழாய்க்குக் காவல் இருக்க எனக்குத் தைரியம் இல்லை. சிரித்துக்கொள். யோசிக்கிறேன் என்று மட்டும் சொல்ல முடிகிறது.

எய்வின்ட்


ப்ரோன்னோய்சுன்ட்
பிப்ரவரி 13

எய்வின்ட்,

சுருக்கமாக எழுதுகிறேன், எனக்கு நேரமில்லை.

நேற்று விசாரணை அதிகாரியிடம் பேசி வாக்குமூலம் அனுப்பிவிட்டேன். முதலில் என் பெயர், படிக்காமல் சரி சொன்னது, அந்த நாலு நிமிடம். பிறகு உன் பெயர், மூன்று தடவை அனுப்பியது, தலைப்பை மாற்றியது. உன் கடிதங்களின் நகலும் அதில் இருக்கிறது, ஒன்பதாம் தேதிக் கடிதமும் சேர்த்து. உன் மனைவியிடம் நீயே சொல்லிவிடு. வேறு யாராவது சொல்லிக் கேட்க வேண்டாம்.

திங்கட்கிழமைக்குள் தங்களால் எந்தக் கம்பெனிக்கும் ஆணையிட முடியாது என்றார் அந்த அதிகாரி. நல்ல மனிதர். மன்னிப்புக் கேட்டார்.

ஆகவே நான் மிதவைகளைத் தொலைபேசியில் கூப்பிடுகிறேன். பண்ணைகளின் எண்கள் பதிவேட்டில் இருக்கின்றன. நேற்றிலிருந்து இருபத்தொன்பது முடிந்தது. எல்லோரும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

"நீங்க அந்தக் கம்பெனியா?"

"இல்லைங்க. முன்னாடி இருந்தேன்."

"அப்புறம் ஏன் நீங்க பேசுறீங்க? அவங்க பேச மாட்டாங்களா?"

"அவங்க யோசிக்கிறாங்க."

ஹித்ராவுக்குப் பக்கத்தில் ஒரு கிழவர், "வேலையை விட்டு அனுப்பினாங்கன்னு வயித்தெரிச்சலாம்மா உனக்கு?" என்று கேட்டார். "வயித்தெரிச்சல்தான், ஆனா நீங்க திங்கக்கிழமை ரெண்டு மணிக்குப் பம்ப நிறுத்திடுங்க" என்றேன். "ஜோருன எனக்குத் தெரியும். நிறுத்திடுறேன்" என்றார்.

பொத்தான் உன் கையில் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நான் இங்கே ஒவ்வொரு எண்ணாக அழுத்திக்கொண்டிருக்கிறேன். இன்னும் முப்பத்துநாலு இருக்கிறது.

சுன்னிவா


கிறிஸ்தியான்சுன்ட்
பிப்ரவரி 20

சுன்னிவா,

நீ செய்தியில் பார்த்திருப்பாய். இருந்தாலும் நடந்ததை என் கையால் எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முழுதும் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். உன் கடிதம் விரைவுத் தபாலில் வெள்ளியன்றே வந்துவிட்டது. மனைவியிடம் சொன்னேன். "இன்னும் அழுத்தலையா?" என்று மட்டும் கேட்டாள். திங்கள் காலை அழுத்தலாம் என்று போனேன். திங்கள் காலை கௌத்தே கூட்டம் போட்டார். உன் தொலைபேசியால் நாற்பது பண்ணைகள் கம்பெனியைக் கூப்பிட்டிருந்தன. "ஒரு பைத்தியக்காரி கிளப்பிவிட்ட புரளி" என்றார். பகல் உணவு வந்தது, சாப்பிட்டேன். ஒன்று ஐம்பத்தைந்துக்கு என் அறைக்குள் போனேன். திரையைத் திறந்து வைத்தேன். இரண்டு மணியானது. அப்டேட் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ பேசிய இடங்களில் எல்லாம் பம்பு நின்றிருந்தது. ஃப்ரோயா தீவில் ஒரு மிதவையோடு நீ பேச முடியவில்லை, பதிவேட்டில் பழைய எண் இருந்ததாம். அங்கே ஒரு வலையைப் பாதி தூக்கியிருந்தார்கள். வடம் சிக்கிக்கொண்டது, காற்று அதிகம் என்று விட்டுவிட்டு உள்ளே காபி குடிக்கப் போயிருக்கிறார்கள். வால்வு திறந்தபடி டிரைவர் கழன்றது. அலையில் சிக்கல் தானாக விடுபட்டதும் உருளை சுற்ற ஆரம்பித்தது. புது டிரைவர் ஏறி வால்வை மூடும்வரை பதினொரு நிமிடம். வலையைக் கிழித்து, கூண்டின் வளையத்தையும் வளைத்துவிட்டது. நாற்பதாயிரம் சால்மன் கடலுக்குள் போய்விட்டது. ஆட்கள் யாருக்கும் ஒன்றுமில்லை.

இப்போது கேள். மூன்று மணிக்குப் பண்ணையிலிருந்து தொலைபேசி வந்தது. மூன்றே காலுக்குக் கௌத்தே என் அறைக்கு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. "எல்லாத்தையும் நிறுத்து. எல்லா அப்டேட்டையும். பழைய வரிகளத் திரும்பப் போடு, இன்னிக்கே" என்றார். மாலைக்குள் அறுபத்துமூன்று பண்ணைகளுக்கும் மன்னிப்புக் கடிதம் போனது, வக்கீலே எழுதினார். தப்பி ஓடிய மீன் ஆற்று மீனோடு கலந்துவிடும், மீன்வளத் துறை வரும், பத்திரிகை வரும். இரண்டு மாதமாக ஒரு பெண்ணின் கைக்காக அசையாதவர்கள் மீனுக்காகக் கால் மணி நேரத்தில் அசைந்தார்கள்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். அதைத் தெரிந்துதான் எழுதுகிறேன். உன் பதினொரு வரிகளை நான்தான் திரும்பப் போட்டேன். ஒரு திருத்தம் செய்தேன்: அறுபது விநாடியில் பதில் வராவிட்டால் அப்டேட்டை விட்டுவிட்டு, டிரைவரைக் கழற்றாமல், திரையில் சிவப்பாக எச்சரிக்கை காட்டும். 2022இலேயே நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருந்தால் ஒரு மணி நேர வேலை.

நேற்று என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை என்கிறார்கள். நீ அனுப்பிய கடிதங்களை அதிகாரி கௌத்தேயிடம் காட்டியிருக்கிறார். எது நடந்துவிடும் என்று பயந்து அந்தப் பொத்தானை அழுத்தாமல் இருந்தேனோ, அது அழுத்தாமலே நடந்துவிட்டது.

உன் மேல் கோபமாக இருக்க முயன்று பார்க்கிறேன். காலையில் கொஞ்சம் வருகிறது.

எய்வின்ட்


ப்ரோன்னோய்சுன்ட்
மார்ச் 11

எய்வின்ட்,

ஃப்ரோயாவின் பழைய எண்ணில் இரண்டு தடவை அடித்துவிட்டு விட்டுவிட்டேன். பண்ணை அலுவலகத்தைக் கேட்டுப் புது எண் வாங்கியிருக்கலாம். சனிக்கிழமை மாலை, தொண்டை கட்டியிருந்தது. அதுவும் என் கணக்கில்.

போன வாரம் நான் தெற்கே வந்திருந்தேன். உன்னைப் பார்க்க வரவில்லை. ஆவெரோய் தீவில் ஜோருன் வோகனின் வீட்டுக்குப் போனேன். முதலில் கேட்டுத்தான் போனேன், வரலாம் என்றார்.

கதவை அவர் கணவர் ஸ்டைனார் திறந்தார். கை குலுக்கவில்லை. சமையலறையில் ஜோருன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஒரு பலகையில் ஆணிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, ரொட்டியை அதில் குத்தி நிறுத்தினால் ஒரு கையால் தடவலாம். ஆஸ்பத்திரியில் கொடுத்ததாம். எனக்கும் ஒரு துண்டு தடவி வைத்தார். நான் உதவட்டுமா என்று கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

நடந்ததைச் சொன்னேன். வால்வு, காத்திருக்கும் வரிகள், என் நாலு நிமிடம், உன் மூன்றாம் தடவை. நான் முடித்ததும் ஜோருன் கேட்டார்.

"அப்ப அந்த விஞ்ச் நிக்கவே இல்லையா?"

"இல்லைங்க. நிக்கற மாதிரி இருந்துச்சு. இழுத்துக்கிட்டே இருந்துச்சு."

"திரைல ஒண்ணும் இல்ல. நான் அஞ்சு நிமிஷம் நின்னு பாத்தேன். அப்புறம்தான் கத்திய எடுத்தேன்." ஸ்டைனாரைத் திரும்பிப் பார்த்தார். "நான் சொன்னேன்ல, நின்னு பாத்தேன்னு."

ஸ்டைனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் இரண்டு மாதத்துக்கும் மேலாகத் தன் மனைவியை அவசரக்காரி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

பிறகு எனக்கு ஜோருன் ஒன்று சொன்னார். எந்தக் கடிதத்திலும் நீ எனக்கு எழுதாத ஒன்று. டிசம்பர் 20ஆம் தேதி நீ ஆஸ்பத்திரிக்குப் பூவோடு போயிருக்கிறாய். படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, பம்பை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும் என்ற கையேட்டு வாக்கியத்தை அவருக்கு மெதுவாக வாசித்துக் காட்டியிருக்கிறாய்.

"ரொம்ப மரியாதையான ஆளு. கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு. 'யாருக்கும் நடக்கறதுதாம்மா, நீங்க உங்களையே திட்டிக்காதீங்க'ன்னாரு. அவர் போனதுக்கப்புறம்தான் நான் என்னையே திட்டிக்க ஆரம்பிச்சேன். அடுத்த நாள் அதிகாரி வந்தப்ப, என் தப்புதான்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

அவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எனக்கு எழுதினாயே, எய்வின்ட்.

வலி மருந்து உடம்பில் இருந்த பெண். படகுத்துறையில் ஓடிப்போய்க் குமிழை அடித்தவன் நீ, அந்த உருளை ஏன் சுற்றியது என்று நன்றாகத் தெரிந்தவன். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், அது என் கேவலம். நீ எல்லாவற்றையும் படித்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்தாய்.

நான் எழுந்தபோது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "கேட்டுட்டீங்க, சரி" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்த்துப் போகவில்லை என்று நினைத்திருந்தேன், எதிர்பார்த்துத்தான் போனேன் என்று வாசலுக்கு வந்ததும் தெரிந்தது. ஸ்டைனார் கார்வரைக்கும் வந்தார். கண்ணாடியில் இருந்த பனியைச் சுரண்டிவிட்டார்.

கிளம்பும்போது ஜோருன் உனக்கு ஒரு செய்தி சொன்னார். அதற்காகத்தான் இந்தக் கடிதம், அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். "அந்த எய்வின்ட வரச் சொல்லுங்க. கடிதாசி எழுத வேணாம், பூவும் வேணாம். அதே மாதிரி எதுத்தாப்புல உக்காந்து, என் புருஷன் காதுல விழற மாதிரி, அது என் தப்பு இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை அவர் கைப்பயிற்சிக்குப் போகிறார். மற்ற நாள் வீட்டில் இருப்பார். உன் வீட்டிலிருந்து கடலடிச் சுரங்கம் வழியாகப் போனால் இருபத்தைந்து நிமிடம்.

சுன்னிவா